இடது தோள் மச்சம்

வந்தவள்: நான் சொன்னத அப்டியே இங்கிலீஷுல சொன்னியா?

ஆர்ஷா: சொன்னேன், மாமி.

வந்தவள்: நான் அவ்வளவு நேரம் மூச்சப் புடிச்சுப் பேசுனேன். நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்ட?

ஆர்ஷா: இங்கிலீஷு அப்டித்தான் மாமி... சுருக்கமா வரும்.

எலினார்: ஆர்ஷா, இவர் கையை வீசி வீசிப் பேசினார். நீ என்னிடம் 'உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி' என்கிறாய். திரைப்பட விழாக்காரர்கள் உன்னை எனக்கு மொழிபெயர்க்கத்தானே போட்டிருக்கிறார்கள்? என்ன வேண்டுமாம்? கையெழுத்தா?

ஆர்ஷா: இல்லை மேடம். இவர் போணக்காடு எஸ்டேட்டிலிருந்து வந்திருக்கிறார். வித்துராவுக்கு மேலே. அந்தக் காலத்தில் நீங்கள் வந்து படம் எடுத்த இடம்.

எலினார்: போணக்காடா! மழையும் அட்டையும்! அந்த அட்டைகள் இன்னும் என் கனவில் வருகின்றன. உட்காரச் சொல், உட்காரச் சொல்.

ஆர்ஷா: உக்காரச் சொல்லுதாங்க, மாமி.

வந்தவள்: நான் உக்காந்து வர்த்தமானம் பேச வரல.

ஆர்ஷா: நின்றுகொண்டு பேசுவதுதான் இவருக்கு வசதியாம், மேடம்.

வந்தவள்: சொல்லு. எனக்க பேரு சிவகாமி. எனக்க அக்காவுக்க பேரு செண்பகவல்லி. அந்தப் பேரச் சொல்லும்போ அவங்க மூஞ்சி எப்டிப் போகுதுண்ணு நான் பாக்கணும்.

ஆர்ஷா: மேடம், இவர் பெயர் சிவகாமி. இவருடைய அக்கா பெயர்... செண்பகவல்லி.

எலினார்: அழகான பெயர்.

வந்தவள்: என்ன சொல்லுதாங்க?

ஆர்ஷா: அழகான பேராம்.

வந்தவள்: அவ்வளவுதானா? ஒரு சுளிப்பு கூட வரலியே... நடிக்காங்களா?

ஆர்ஷா: அவங்களுக்க தொழிலே அதுதானே, மாமி.

வந்தவள்: தமாஷுக்கு இப்போ நேரம் இல்ல. அந்தா செவத்துல இருக்கே போஸ்டரு, அதக் காட்டிக் கேளு. வெள்ளை கவுண் போட்டு, மழையில, முதுகக் காட்டிக்கிட்டு ஆத்துக்குள்ள எறங்கிப் போறாளே ஒருத்தி. அந்த முதுகு ஆருக்க முதுகு?

ஆர்ஷா: மேடம்... அந்தப் போஸ்டரைப் பற்றி இவர் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார். அந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று.

எலினார்: ஓ, அதுவா! எல்லோரும் கேட்பதுதான். சொல்கிறேன். அன்றைக்குப் பேய்மழை. ஆறு தேநீர் நிறத்தில் பொங்கி ஓடுகிறது. டைரக்டர் டூப் போட்டுக்கொள்ளலாம் என்றார். நான் சொன்னேன், என் முகத்தை மட்டும் வைத்துப் பிழைக்கிறவள் நான் இல்லை, முதுகும் என்னுடையதாகத்தான் இருக்கும் என்று. இறங்கினேன். ஒரே ஷாட். மார்பளவு தண்ணீர் வரை போனேன், திரும்பியே பார்க்கவில்லை. 'முகத்தைக் காட்டாமலே ஒருத்தி நடித்துவிட்டாள்' என்று லண்டன் பத்திரிகையில் எழுதினார்கள்.

ஆர்ஷா: ...அவங்களேதான் எறங்குனாங்களாம், மாமி.

வந்தவள்: அவங்களா! வராந்தாவுல தூணக் கெட்டிப் புடிச்சிட்டு நிண்ண பொம்பளயா! ஆத்துப் பக்கம் திரும்பக்கூட மாட்டேண்ணு வெறைச்சுப் போயி நிண்ணா. குடை புடிச்சவன் கேட்டதுக்குக்கூட வாய் தொறக்கல. சொல்லு!

ஆர்ஷா: மேடம், இவருக்குக் கொஞ்சம்... வேறு மாதிரி ஞாபகமாம்.

எலினார்: வேறு மாதிரி என்றால்?

ஆர்ஷா: அந்த முதுகு... உங்களுடையது இல்லை என்கிறார். டூப் நின்றது இவருடைய அக்கா என்கிறார்.

வந்தவள்: இப்போ பாத்தியா? இப்போ மூஞ்சி போகுது பாரு.

எலினார்: ஆர்ஷா, நான் மேடையேறி அறுபது வருஷம் ஆகிறது. எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒருவர் வருவார். லீட்ஸில் ஒரு ஆள், எனக்கு அழக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்றான். அவனை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. சிரித்து, கைகுலுக்கி அனுப்பிவைத்தேன். இவருக்கும் ஒரு டீ சொல்லி அனுப்பிவிடு.

ஆர்ஷா: டீ வேணுமாண்ணு கேக்காங்க.

வந்தவள்: டீயா! நாங்க கிள்ளுன இலையில போட்ட டீய எனக்குத் தாறாங்களா?

ஆர்ஷா: வேண்டாமாம், மேடம்.

வந்தவள்: நீ ஏம்மா எல்லாத்தையும் வழுக்கி வழுக்கிச் சொல்லுத? நான் சொல்லுதத நல்லாக் கேட்டுச் சொல்லு. காலத்த வெள்ளனே செண்பகவல்லிய பங்களாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மேடத்துக்க அதே ஒசரம், அதே ஒடம்பு. நெறம் மட்டுந்தான் வேற. முதுகு, கையி, கழுத்து எல்லாம் வெள்ளைச் சாயத்தக் கொழைச்சுப் பூசுனாங்க. தலையில செம்பட்டை முடி. மழை வெள்ளம் பட்டா சாயம் கரைஞ்சிரும், அதுக்குள்ள ஷாட்ட எடுக்கணும்ணு ஒரே அவசரம். போ, போ, திரும்பாத, திரும்புனா எல்லாம் போச்சுண்ணு கரையில நிண்ணு கூவுதாங்க. வெள்ளம் நெஞ்சளவு. எனக்க முதுகு தீயாட்டு எரியுது...

ஆர்ஷா: மாமி.

வந்தவள்: ...அவளுக்க முதுகு. எரிஞ்சுதாம். அவதான் சொன்னா.

எலினார்: என்ன, பாதியில் நிறுத்திவிட்டார்?

ஆர்ஷா: அக்காவை நினைத்துக்கொண்டார், மேடம். டூப்பாக இருந்ததால்தான் திரும்பவே விடவில்லை என்கிறார். அதைத்தான் எல்லோரும் நடிப்பு என்று எழுதினார்களாம்.

எலினார்: புத்திசாலித்தனமான கதை. யாரோ நன்றாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பெண்ணிடம் சொல்: நான் கிரிம்ஸ்பியில் மீன்பிடி படகுக்காரனின் மகளாகப் பிறந்தவள். பதினேழு வயதில், தட்டை ஏந்தி வந்து 'வண்டி தயார், அம்மா' என்று ஒரே வரி சொல்லும் வேலைக்காரியாக மேடையேறினேன். வாரம் ஒரு நாடகம். ராத்திரி நடிப்பு, பகலில் அடுத்த வார வசனம், நடுவில் என் உடுப்பை நானே தைப்பேன். பிணமாகக்கூட நடித்திருக்கிறேன். ராணியாக ஆவதற்குள் முட்டி தேய்ந்துவிட்டது. எனக்கு யாரும் எதையும் இரவல் தரவில்லை.

ஆர்ஷா: கஷ்டப்பட்டு மேல வந்தவங்களாம், மாமி. ஒண்ணும் சும்மா கிடைக்கலியாம்.

வந்தவள்: ஆரு இல்லேண்ணா? அந்த ஒரு முதுகு இல்லாம இருந்தா இண்ணைக்கு இந்த மேடையும் மாலையும் உண்டுமாண்ணு கேளு.

ஆர்ஷா: மாமி, அது வேண்டாம்...

வந்தவள்: கேளுங்கேன்!

ஆர்ஷா: அந்த... அந்தக் காட்சி இல்லாவிட்டால், இன்றைக்கு இந்த மேடை உங்களுக்கு இருந்திருக்குமா என்று கேட்கிறார்.

எலினார்: ...இதை மட்டும் நீ சரியாக மொழிபெயர்த்தாய் என்று நினைக்கிறேன்.

ஹரிகுமார்: ஆர்ஷா! கதவத் தொறக்க வேண்டாம், ஹரியாக்கும். மந்திரி வந்தாச்சு. மேடத்துக்கிட்ட இன்னும் ஒண்ணு சொல்லிரு. திரை தூக்கும்போ மேடம் ஆடியன்ஸுக்கு முதுகு காட்டி நிக்கணும், போஸ்டர்ல உள்ளது போல. பெரிய ஸ்க்ரீன்ல அந்த ஆத்து ஷாட் ஓடும். அது முடியும்போ மேடம் மெதுவாத் திரும்பணும். நாப்பது வருஷமா திரும்பாத முதுகு இண்ணைக்குத் திரும்புது, கேட்டோ? அப்போ விழும் கைதட்டு!

ஆர்ஷா: சொல்லுதேன், ஹரியண்ணா.

ஹரிகுமார்: பின்ன, ஆரோ ஒரு சேச்சிய பின் கேட்டு வழியா ஏத்தி விட்டியாமே? செக்யூரிட்டி எங்கிட்டக் கெடந்து சாடுதான்.

ஆர்ஷா: மேடத்துக்கப் பழைய ஆளு, அண்ணா. இப்போ போயிருவாங்க.

வந்தவள்: போக மாட்டேன். மேடத்துக்கிட்டச் சொல்லு. திரை தூக்கி அந்த ஷாட் ஓடும்போ நான் ஹாலுக்க நடுவுல எழும்பி நிப்பேன். அது செண்பகவல்லிண்ணு கூவுவேன். மந்திரி இருந்தாலும் சரி, டிவிக்காரன் இருந்தாலும் சரி.

ஆர்ஷா: மாமி, எதுக்கு இப்டி...

எலினார்: மிரட்டுகிறாள், இல்லையா? விடு, அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். உலகம் முழுக்க ஒரே குரல்தான் அதற்கு. நான் செக்யூரிட்டியைக் கூப்பிடட்டுமா?

ஆர்ஷா: வேண்டாம் மேடம்! தயவுசெய்து. இவருக்குப் பணம் வேண்டாம், பெயர் பத்திரிகையில் வர வேண்டாம். மேடையில் ஒரே ஒரு வார்த்தை. அந்த முதுகு செண்பகவல்லியுடையது என்று நீங்கள் சொன்னால் போதும். அவ்வளவுதான்.

எலினார்: இதை இவர் எப்போது சொன்னார்? நான் கேட்கவில்லையே.

ஆர்ஷா: ...முதலிலேயே சொன்னார், மேடம். நான்தான் சுருக்கிவிட்டேன்.

வந்தவள்: எதுக்காக இவ்வளவு வாசி, பிடிவாதம்ணு கேக்காங்களா? சொல்லுதேன். அது நாந்தாண்ணு சொன்னதுக்கு வித்துரா சந்தையில செண்பகவல்லிய 'மதாம்மே', வெள்ளைக்காரியேண்ணு கூப்புடுவாங்க. மீன் விக்கவன்கூட, மதாம்மைக்கு நல்ல பீஸாப் போடுண்ணு சொல்லிச் சிரிப்பான். அவளுக்குக் கிறுக்குண்ணு கெட்டுனவனே சொன்னான், இனி அவ வாயால சொன்னா ஆரு கேப்பா? அது கெடக்கட்டும். அவளுக்க மக, சின்னப் புள்ள, பள்ளிக்கூடத்துல ஏதோ புஸ்தகத்துல அந்தப் படத்தப் பாத்துட்டு, இது எங்க அம்மையாக்கும்ணு சொல்லியிருக்கா. டீச்சரு அவள பெஞ்சு மேல ஏத்தி நிறுத்தி, இஞ்ச பாருங்க, மதாம்மைக்க மகளப் பாருங்கண்ணு கிளாஸ் முழுக்கச் சிரிக்க வச்சா. அந்தப் புள்ள வீட்டுக்கு வந்து... என்ன கேட்டா தெரியுமா?

ஆர்ஷா: ...இத நான் சொல்லணுமா?

வந்தவள்: சொல்லணும். அம்மே, உள்ளதச் சொல்லு, அது நீதானாண்ணு கேட்டா. எல்லாரும் கேட்டப்போ நோகல. அண்ணைக்குத்தான் நொந்துது.

ஆர்ஷா: மேடம், இவருடைய... அக்காவின் மகளைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்களாம். அந்தப் பெண் அம்மாவிடமே வந்து... சந்தேகப்பட்டுக் கேட்டாளாம்.

எலினார்: உன் குரலுக்கு என்ன?

ஆர்ஷா: ஏசி, மேடம். ஒத்துக்காது.

எலினார்: சரி. கதை உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உருக்கம் சாட்சி ஆகாது. அந்த முதுகு அவளுடையது என்பதற்கு என்ன அடையாளம்? அதைக் கேள்.

ஆர்ஷா: அடையாளம் உண்டுமாண்ணு கேக்காங்க.

வந்தவள்: இதக் கேக்கணும், கேக்கணும்ணுதான் காத்திட்டு இருந்தேன். போஸ்டர நல்லாப் பாக்கச் சொல்லு. தோளுல ஒரு மச்சம் தெரியுதா?

ஆர்ஷா: தெரியுது. எடது தோளுல.

வந்தவள்: மேடத்துக்கும் மச்சம் உண்டு. ஆனா வலது தோளுல. டூப்புக்கும் மச்சம் வேணும்லா? அத வைக்கச் சொன்னது மேக்கப் வேலாயுதண்ணன்கிட்ட. அவரு மேடத்துக்கு முன்னால நிண்ணு முடியில ஊசி குத்தும்போ, மேடத்துக்குப் பொறத்தால இருந்த கண்ணாடியில மச்சத்தப் பாத்திருக்காரு. கண்ணாடியில கண்டபடி வச்சாரு. வலது எடதாயிப் போச்சு. ஷாட் எடுத்துத் தீந்த பொறவுதான் அவருக்கே புரிஞ்சுது. ஆருட்டயும் சொல்லிராத புள்ளே, எனக்க வேல போயிரும்ணு கையெடுத்துக் கும்புட்டாரு. அந்த மசியும் ஒரு கெட்டி மசி. தேச்சுத் தேச்சு, தொலி போச்சே தவிர மச்சம் போகல. இப்போ மேடத்துக்கிட்டச் சொல்லு, அந்தச் சால்வைய எடுக்கச் சொல்லு. வலது தோளுல மச்சம் இருக்கும். இல்லேண்ணா நான் வாயப் பொத்திட்டுப் போறேன்.

ஆர்ஷா: மேடம், உங்கள் மச்சம் வலது தோளில் என்கிறார். போஸ்டரில் இருப்பது இடது தோளில். மேக்கப்காரர் கண்ணாடியைப் பார்த்து வைத்ததால் மாறிப்போனதாம். சால்வையை... எடுக்க முடியுமா என்று கேட்கிறார்.

எலினார்: இல்லாவிட்டால்?

ஆர்ஷா: இல்லாவிட்டால் பேசாமல் போய்விடுவாராம்.

எலினார்: நிச்சயமாகவா? கேட்டுச் சொல்.

ஆர்ஷா: நிச்சயமாப் போயிருவீங்களாண்ணு கேக்காங்க, மாமி.

வந்தவள்: சத்தியமா.

எலினார்: நல்லது. இந்தா, பிடி சால்வையை. என் பின்னால் வா. எந்தத் தோள், ஆர்ஷா?

ஆர்ஷா: இடது... தோள், மேடம்.

எலினார்: உரக்கச் சொல். அவருக்குப் புரிகிற மொழியில்.

ஆர்ஷா: எடது... எடது தோளு, மாமி.

வந்தவள்: வலது?

ஆர்ஷா: வலதுல ஒண்ணும் இல்ல. வெறுந் தோலு.

வந்தவள்: கிட்டப் போயி பாரு. லைட்டு சரியில்ல.

ஆர்ஷா: கிட்டத்தான் நிக்கேன், மாமி. எடதுலதான் இருக்கு.

வந்தவள்: அது எப்டி... வேலாயுதண்ணன் எங்கிட்ட... இல்ல, அக்காகிட்ட... அவருக்க வாயால சொன்னது...

எலினார்: போதுமா? சால்வையைக் கொடு. குளிர்கிறது.

ஆர்ஷா: மாமி... ஒருவேள...

வந்தவள்: என்ன ஒருவேள?

ஆர்ஷா: ஒருவேள வேற ஷாட்டா இருக்கலாம். அக்கா எறங்குனத எடுத்துட்டு, பொறவு மேடமும் எறங்கி, அதத்தான் படத்துல சேத்தாங்களோ என்னமோ...

வந்தவள்: நீயா கேக்க?

ஆர்ஷா: மச்சம் எடதுலல்லா இருக்கு. நான் என்ன செய்ய?

வந்தவள்: நீயுமா கேக்க, மக்களே?

ஆர்ஷா: சின்னதுல இருந்து அந்தக் கண்ணாடிக் கதைய எத்தன தடவ கேட்டிருக்கேன்... கேட்டிருப்பாங்க, அந்தப் புள்ள. இப்போ எனக்க கண்ணு முன்னால இருக்கு. எனக்க கண்ணையும் நம்பாண்டாமா?

வந்தவள்: சரி. சரி... சத்தியம் பண்ணியாச்சு. நான் போறேன். தம்பானூர்ல இருந்து வித்துரா பஸ்ஸு இருக்கும். நீ வர வேண்டாம், எனக்கு வழி தெரியும்.

எலினார்: போகிறாரா?

ஆர்ஷா: போகிறார், மேடம். உங்களைத் தொந்தரவு செய்ததற்கு... மன்னிக்கச் சொல்கிறார்.

எலினார்: அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நீ நல்ல பெண், ஆனால் மோசமான மொழிபெயர்ப்பாளர். கதவை... ஆர்ஷா! நிற்கச் சொல் அவரை!

ஆர்ஷா: மாமி, நில்லுங்க!

எலினார்: திரும்பச் சொல்லாதே. திரும்ப வேண்டாம். அப்படியே, கதவைப் பார்த்தபடியே நிற்கட்டும்.

ஆர்ஷா: திரும்பாண்டாமாம். அப்டியே நிக்கச் சொல்லுதாங்க.

வந்தவள்: இனி என்ன? செருப்பால அடிக்கவா?

எலினார்: இன்னும் இரண்டு அடி வைக்கச் சொல். மெதுவாக.

ஆர்ஷா: மேடம், எதற்கு?

எலினார்: வைக்கச் சொல்.

ஆர்ஷா: ரெண்டடி நடக்கணுமாம். மெதுவா.

வந்தவள்: நல்ல கூத்து... இந்தா. நடந்தாச்சு. போருமா?

எலினார்: வலது தோள் கொஞ்சம் தாழ்ந்து... கால் வைக்கும் முன் ஒரு நொடி தயங்கி... தரை வழுக்குமோ என்று பார்க்கிற கால். அந்தக் காட்சியில் இருக்கும் அதே நடை. ஆர்ஷா, இவரிடம் ஒன்று கேள். படத்தில் அந்தப் பெண்ணுடைய பெயரைப் போடக் கேட்டு ஒரு ஆளை எஸ்டேட்டுக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம், யாரிடமும் சொல்லவும் வேண்டாம் என்று பதில் வந்தது. அதைச் சொன்னது யார்?

ஆர்ஷா: மேடம்! அப்படியென்றால் நீங்கள் இறங்கவில்லை... டூப் இருந்தது உண்மை...

எலினார்: முதலில் கேள்.

ஆர்ஷா: படத்துல பேரு போட ஆள் அனுப்புனாங்களாம். பேரு வேண்டாம்ணு பதில் போச்சாம். அது ஆரு சொன்னதுண்ணு கேக்காங்க.

வந்தவள்: அப்பாதான். அவளுக்குச் சம்மந்தம் பேசி வச்சிருந்துது. முதுகு தெரிய கவுண் போட்டு ஆம்பளைங்களுக்கு முன்னால எறங்குனாண்ணு தெரிஞ்சா கல்யாணம் நிண்ணு போயிரும்ணு அப்பா பயந்தாரு. இவ அந்தப் பக்கமே போகலண்ணு சாமி படத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணுனாரு. அவ வாசலுல நிண்ணு கேட்டுட்டுதான் இருந்தா. வாயத் தொறக்கல.

ஆர்ஷா: இத எங்கிட்டச் சொல்லவே இல்லியே!

வந்தவள்: ஒங்கிட்ட எப்டிச் சொல்ல? வேண்டாம்ணு சொன்னதும் நாங்கதான், பொறவு வேணும்ணு அழுததும் நாங்கதாண்ணு எந்த வாயால சொல்ல?

ஆர்ஷா: பின்ன நான் இவங்களப் போயி கள்ளிண்ணு நெனச்சு...

எலினார்: இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள். மொழிபெயர்க்க வந்தவள் இப்படிச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

ஆர்ஷா: மன்னியுங்கள், மேடம். பெயர் வேண்டாம் என்றது அப்பாவாம். கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தாராம். ஆனால் நீங்கள் ஏன்? நீங்கள் ஏன் இறங்கவில்லை?

எலினார்: என் அப்பா கடலுக்குப் போனார், திரும்பி வரவில்லை. எனக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து குளியல் தொட்டியில்கூட என்னால் உட்கார முடியாது. ஆனால் நடிகர்களிடம் நீச்சல் தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்போம். குதிரையேற்றமா, தெரியும். கத்திச் சண்டையா, பிறந்ததிலிருந்தே தெரியும். வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆற்றைப் பார்த்ததும் வராந்தாத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். படம் வெளிவந்தபோது, நீங்களேவா இறங்கினீர்கள் என்று முதலில் ஒருவன் கேட்டான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று வந்த பதில் ஞாபகம் வந்தது. பேசாமல் சிரித்தேன். அடுத்த ஊரில் ஆமாம் என்றேன். அதன் பிறகு... நன்றாகவே சொல்லக் கற்றுக்கொண்டேன்.

ஆர்ஷா: ஆனால் மச்சம்? அது இடதில்தானே இருக்கிறது?

எலினார்: மேஜையில் பஞ்சு இருக்கிறது. அந்த நீல டப்பாவில் க்ரீம். நீ எடுக்காதே. அவரை எடுக்கச் சொல். என் தோளைத் துடைக்கச் சொல்.

ஆர்ஷா: பஞ்ச எடுத்து மேடத்துக்க தோளத் தொடைக்கணுமாம். நீங்க.

வந்தவள்: எதுக்கு?

ஆர்ஷா: தெரியாது. தொடைங்க.

வந்தவள்: மச்சத்தயா? மச்சத்தத் தொடைச்சா போகுமா... ஏய்! வருது! கறுப்பா வருது! பஞ்சு பூரா கறுப்பு!

எலினார்: இனி வலது தோள்.

ஆர்ஷா: வலதையும் தொடைங்க!

வந்தவள்: இதுல என்னமோ மாவாட்டு அப்பியிருக்கு... போகுது... அடியில... அடியில இருக்கு. அம்மாடி. இருக்குடீ! வலதுலதான் இருக்கு! வேலாயுதண்ணன் சொன்னது உள்ளதுதான்!

ஆர்ஷா: பாத்தேன்... நானும் பாத்தேன்.

வந்தவள்: இப்போ நம்புதியா?

ஆர்ஷா: மேடம்... ஏன்?

எலினார்: அந்தப் படத்துக்குப் பிறகு லண்டனில் ஒரு நாடகம். முதுகு தெரியும் உடுப்பு. நான் திரும்பி நின்றதும் அரங்கமே என் இடது தோளைத் தேடியது. முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள், மச்சம் அங்கே இல்லையே என்று. மறுநாள் நானே பென்சிலை எடுத்தேன். அன்று தொடங்கியது. ஒவ்வொரு நாடகத்துக்கும், ஒவ்வொரு படத்துக்கும், முதலில் வலதை மறைப்பேன், பிறகு இடதில் வைப்பேன். நாள்தோறும் கண்ணாடி முன்னால் அந்தத் தோளைப் பழகினேன். அந்த நடையையும்.

ஹரிகுமார்: ஆர்ஷா! டைம் ஆயி! எல்லாரும் காத்து நிக்காங்க. மேடத்தக் கூட்டிட்டு வா!

ஆர்ஷா: இதோ வந்துட்டோம், ஹரியண்ணா!

எலினார்: அவனிடம் சொல், ஏற்பாட்டில் ஒரு மாற்றம். திரை எழும்பும்போது முதுகு காட்டி நிற்கப் போவது நான் இல்லை, இவர். அந்தக் காட்சி ஓடி முடிந்ததும் இவர் திரும்பட்டும். நான் ஓரத்திலிருந்து நடந்து வந்து பக்கத்தில் நிற்பேன். சொல்ல வேண்டியதை அங்கே சொல்வேன். இந்தா, இந்தச் சால்வையை இவருக்குப் போட்டுவிடு.

வந்தவள்: என்ன சொல்லுதாங்க? எனக்கு எதுக்கு இது? நான் சிவகாமில்லா...

எலினார்: ஆர்ஷா, கிட்டே வா. காதைக் கொடு... ம். இதை இப்போதே இவரிடம் சொல். சுருக்காதே. வழுக்காதே. ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

வந்தவள்: என்ன சொன்னாங்க? ஏன் அழுத? சொல்லேன்.

ஆர்ஷா: அம்மா... "அண்ணைக்கு ஒரு நாளு நீ எனக்கு டூப்பா நிண்ண, செண்பகவல்லி. அதுக்குப் பொறவு நாப்பது வருஷமா நானாக்கும் ஒனக்கு டூப்பு"ண்ணு சொல்லுதாங்கம்மா.